மூன்றுக்குக் கீழே இரண்டு ஸ்வரங்கள்

மாத்திரை விழுங்குவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. வாயில் போட்டால் நாக்கிலேயே உட்கார்ந்துகொள்ளும், தண்ணீர் மட்டும் உள்ளே போகும். எலும்பு தேய்கிறது என்று மருத்துவமனையில் மூன்று வருடமாக எனக்குக் கால்சியம் மாத்திரை கொடுக்கிறார்கள். கொடுப்பதை வேண்டாம் என்று சொன்னால் மரியாதையாக இருக்காதே என்று வாங்கி வந்து அலமாரியில் அடுக்கிவிடுவேன். வெள்ளையாக, வட்டமாக, நடுவில் ஒரு கோட்டோடு பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

இதிலிருந்து தொடங்குவதுதான் சரி என்று நினைக்கிறேன், சார்ஜன்ட் கலாஃபி. வாழைப்பழக் கேக் கொண்டு வந்திருக்கிறேன், எழுதிக்கொண்டே சாப்பிடுங்கள். தலைநகரில் இதைப் படிக்கப்போகும் நீதிபதி வெளிநாட்டுக்காரர் என்று சொன்னீர்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்த விஷயங்களையும் அங்கங்கே சொல்லவேண்டி வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் லோசா. வயது நாற்பத்தொன்பது. தோங்காதாப்புத் தீவின் மேற்குக் கரையில் நம் ஊர்ச் சபையில் ஞாயிறு பள்ளி நடத்துகிறேன். பாடகர் குழுவில் முதல் குரல், முன்வரிசை. இறந்துபோன செமிசி என் ஒரே தம்பி. நாற்பத்தொரு வயது. குழுவை நடத்தியவன், அதற்குப் பாட்டுக் கட்டியவன். இந்தத் தீவில் அவனைப்போல் பாட்டுக் கட்டியவன் கிடையாது. இதை நான் அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை, பாட்டுப் போட்டிக் கூட்டத்தில் இருந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நீதிபதிக்காக இரண்டு விஷயம். ஒன்று, நம் சபைகளில் ஸ்வரங்களை எண்களாக எழுதுகிறோம். மூன்றில் தொடங்கி ஒன்பதில் முடியும், மொத்தம் ஏழு. ஏன் ஒன்றில் தொடங்கவில்லை என்று கேட்டால், அந்தக் காலத்துப் பாதிரியார் அப்படி வைத்தார், நாங்கள் அப்படிப் பாடுகிறோம். கரும்பலகையில் எண்களை எழுதிப் போட்டால் எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடப் பாடிவிடுவார்.

இன்னொன்று, நம் வழக்கத்தில் அக்கா இருக்கும் அறைக்குள் தம்பி வரமாட்டான். அவள் பாயில் உட்காரமாட்டான், அவள் காதுபட விளையாட்டுப் பேச்சுகூடப் பேசமாட்டான். அவள் கேட்டதை இல்லை என்று சொல்லமாட்டான். அவள் கையால் கொடுத்ததை இது என்ன என்று கேட்கமாட்டான். இந்தக் கடைசி வாக்கியத்தின் கீழே ஒரு கோடு போட்டுவிடுங்கள், நீதிபதிக்கு உதவியாக இருக்கும்.

பத்து வருடத்துக்கு முன்பு செமிசிக்கு அந்த வியாதி வந்தது. வியாதி என்று பிறகுதான் பெயர் வைத்தார்கள். முதல் இரண்டு மாதம் அது வெறும் சந்தோஷமாகத்தான் இருந்தது. தூங்கமாட்டான், சாப்பிடமாட்டான், ஈச்சம்பாய் முழுக்க எண்களாக எழுதித் தள்ளுவான். சபைக் கூரைமேல் ஏறி நின்று பலாமரங்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தான். அந்த வருடம் அவன் கட்டிய பாட்டில் எனக்கென்று தனி வரி வைத்தான். எல்லாக் குரலும் நின்றுவிடும், நான் மட்டும் ஏறிக்கொண்டே போய் மேல் ஒன்பதைத் தொடுவேன். தம்பி அக்காவுக்குச் செய்யும் மரியாதை அது. அந்த வருடம் சபை மாநாட்டுப் பாட்டுப் போட்டியில் நாம் முதல் பரிசு வாங்கினோம். பரிசு வாங்கிய மறுவாரம் அவன் கடலுக்குள் நடந்துபோனான். மீன்பிடிக்கப் போனவர்கள் முடியைப் பிடித்து இழுத்துவந்தார்கள். அவன் மகள் கலோலினெக்கு அப்போது ஆறு வயது. அப்பாவைப் பார்த்து மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டது.

பிறகு மருந்து வந்தது. லித்தியம். தினம் காலையில் இரண்டு. அதுவும் ஒரு வகை உப்புதான் என்று நர்ஸ் எசெத்தா எனக்கு விளக்கினாள். அதை நான் மறக்கவேயில்லை. நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவில் ஒரு மனிதனிடமிருந்து கொஞ்சம் உப்பை எடுத்து வைத்தேன். நான் செய்தது மொத்தத்தில் அவ்வளவுதான் என்றுகூடச் சொல்லலாம்.

மருந்து சாப்பிட ஆரம்பித்த பிறகு செமிசி நல்ல மனிதனாக இருந்தான். நல்ல மனிதன் என்றால், கொடியில் போட்ட துணி மாதிரி. கிழங்கு நட்டான், லாரி ஓட்டினான், குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான். கை லேசாக நடுங்கும், தொப்பை விழுந்துவிட்டது. பாட்டும் கட்டினான். மூன்று, ஐந்து, ஏழு, மறுபடி ஐந்து, மூன்று. தப்பே இருக்காது. முன்வரிசைப் பெண்கள் பதினான்கு பேரும் ஒரே வரியைப் பாடுவோம், யார் குரல் யாருடையது என்று எங்களுக்கே தெரியாது. மூன்று வருடம் தொடர்ந்து நாலாவது இடம். கிழக்கு ஊர்க்காரி ஒருத்தி பந்தலில் எல்லார் முன்னாலும் சொன்னாள், "உங்க பாட்டு நல்லாத்தான் இருக்கு லோசா. தூக்கம் வராதவங்களுக்கு ரொம்ப நல்லது."

நான் சிரித்துவைத்தேன். மனசுக்குள் ரத்தம் கொதித்தது.

செமிசிக்கும் தெரியாமல் இல்லை. பாட்டு முன்னே மாதிரி வருவதில்லை என்று அவனே எசெத்தாவிடம் சொல்லியிருக்கிறான். அவள் டாக்டரைக் கேட்டு, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்க்கலாம், ஆனால் வாராவாரம் வந்து காட்டவேண்டும், வீட்டில் ஒருவர் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கவேண்டும் என்றாள். நானும் வாசலில் நின்றேன், அவன் பதில் எனக்குக் கேட்டது.

"வேணாம் சிஸ்டர். பாட்டு அது பாட்டுக்கு வர்றப்போ வரட்டும். என் பொண்ணு என்னைப் பாத்துப் பயப்படாம இருக்கா. எனக்கு அது போதும்."

அவன் தன்னைப் பற்றி மட்டும் யோசிக்கிறான் என்று எனக்குப் பட்டது.

இந்த வருடம் ஜனவரியில் அவன் மனைவி பிசிலா ஆப்பிள் பறிக்கும் வேலைக்கு ஆறு மாதம் நியூசிலாந்து போனாள். கலோலினெ தலைநகரில் விடுதிப் பள்ளியில். போவதற்கு முன்னால் பிசிலா மருந்துப் பாட்டிலை இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தாள். "அண்ணி, வேற யாரையும் நான் நம்பமாட்டேன். அவர் மறந்துடுவார். காலையில டீயோட நீங்களே குடுத்துடுங்க." பாட்டிலை வாங்கி அலமாரியைத் திறந்தேன். பக்கத்திலேயே என் மாத்திரைகள். நிறமும் அளவும் கோடும் ஒன்றேபோல இருந்தன. நான் தேடிப்போகவில்லை, சார்ஜன்ட். அது அங்கேயே இருந்தது.

பிப்ரவரியில் முதலில் ஒன்று நிஜம், ஒன்று என்னுடையது என்று கொடுத்தேன். ஒரேயடியாக நிறுத்தக்கூடாது என்று எசெத்தா சொல்லியிருந்தாள், நான் எதிலும் நிதானம் பார்ப்பவள். இரண்டு வாரம் கழித்து இரண்டுமே என்னுடையது. தினம் காலையில் செமிசி என் வீட்டுக்கு வெளியே பலாமரத்தடியில் வந்து நிற்பான். நான் வாசற்படியில் நின்று கொடுப்பேன். தலை குனிந்து வாங்குவான், என் எதிரிலேயே விழுங்குவான். "நன்றிக்கா" என்பான். ஒருநாளும் கையைப் பார்த்ததில்லை.

மார்ச் நடுவில் ஒரு காலை அவன் விசிலடித்துக்கொண்டு வந்தான்.

அந்த விசிலை எப்படிச் சொல்வேன். பத்து வருடம் பூட்டிக் கிடந்த வீட்டில் யாரோ ஜன்னல் ஜன்னலாகத் திறந்துகொண்டு வருகிறார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டேன், அதையும் குடித்துவிட்டு "இன்னைக்கு டீ பிரமாதம்க்கா" என்றான். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சின்னப் பெண்போலக் குதித்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும், நீங்களும் அடிக்குரல் வரிசையில் நின்றவர்தான். ஆனாலும் சொல்கிறேன், சொல்லும்போதே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. காகிதம் ஒரு வாரத்தில் தீர்ந்தது. பிறகு சுவரில் எழுதினான். கதவில், லாரியின் தூசிக் கண்ணாடியில், பறிக்காத பூசணிக்காயில் எழுதினான். போதகரின் வெள்ளைச் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது, அதன் முதுகில் எட்டு வரி எழுதினான். போதகர் தெரியாமல் அதைப் போட்டுக்கொண்டு பிரசங்க மேடை ஏறத் திரும்பியபோது ஆண்கள் பகுதி மொத்தமும் அதைப் படித்துப் பாட ஆரம்பித்துவிட்டது. முதலில் ஆரம்பித்த குரல் உங்களுடையதுதான், நீங்கள் மறுக்கமுடியாது.

இரண்டாம் குரலை அவன் பன்றிமேல் எழுதினான். வெள்ளைப் பெண்பன்றி, நிழலில் படுத்திருந்தது, கரியை எடுத்து வயிற்றிலிருந்து தொடைவரை எழுதிவிட்டான். இரண்டாம் குரலுக்குத் தலைவி மனூ. அவள் உடம்பு உங்களுக்குத் தெரியும். அவள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்காருவதற்குள் பன்றி எழுந்து போய்விட்டது. பதினொரு பெண்கள் கிழங்குத் தோட்டத்தில் பாட்டைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள்.

"லோசா, உன் தம்பி பண்ற வேலையப் பாரு! நான் இப்போ பன்னியப் புடிக்கவா, பாட்டப் புடிக்கவா?" என்று மனூ வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள். "ஆறு வரி எழுதிட்டேன். ஏழாவது வரியில அது சேத்துல பொரண்டுடுச்சு!"

செமிசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பரவாயில்ல மனூ. சேறு என்ன பாடுச்சோ அதையே பாடு."

நீங்கள் சிரிக்கிறீர்கள். ஊரே சிரித்தது. அந்த இரண்டு மாதமும் நம் ஊரில் சண்டை இல்லை, சலிப்பு இல்லை, பயிற்சிக்கு வராதவர் இல்லை. உங்களுக்கே போன மே மாதம் ஒரு வழக்கும் வரவில்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். இதையெல்லாம் கொடுத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

இடையில் ஏப்ரலில் ரத்தப் பரிசோதனை வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்து ரத்தத்தில் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்கு ஐந்து நாள் முன்னாலிருந்து நிஜ மாத்திரையைக் கொடுத்தேன். எசெத்தா சீட்டைப் பார்த்து, "அளவு சரியா இருக்கு. நல்லாப் பாத்துக்கறீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது அவள் தன் தப்பு என்று அழுதுகொண்டிருக்கிறாளாம். அவள் தப்பு எதுவும் இல்லை என்று எழுதுங்கள். ரத்தம் எடுத்த மறுநாளே நான் மாற்றிவிட்டேன்.

மே மாதம் விடுமுறைக்குக் கலோலினெ வந்தது. ஒருநாள்தான் வீட்டில் இருந்தது. மறுநாள் காலை பையோடு என் வாசலில் நின்றது.

"அத்தை, அப்பா கண்ணு பழையபடி இருக்கு."

"பாட்டு வருதுடி அப்பாவுக்கு. அதான் கண்ணு மின்னுது."

"மருந்து சாப்பிடறாரா அத்தை?"

"என் கையாலதான் தினமும் குடுக்கறேன். அத்தை இருக்கேன்ல?"

நான் பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். என் கையால்தான் கொடுத்தேன். நம் வழக்கத்தில் அப்பாவின் அக்கா சொன்னபிறகு எந்தப் பெண்ணும் மேற்கொண்டு கேட்காது. பேருந்து ஏறித் திரும்பிப் போய்விட்டது.

செமிசியிடம் ஒரு மாற்றம் வந்ததை நான் கவனிக்கத்தான் செய்தேன். அவன் மூன்றுக்குக் கீழே எழுத ஆரம்பித்தான். இரண்டு என்று எழுதினான், ஒன்று என்று எழுதினான். அப்படி ஸ்வரமே கிடையாது. கரும்பலகையில் அவற்றைப் பார்த்து அடிக்குரல்காரர்கள் விழித்தீர்கள். "அது உங்களுக்கு இல்லப்பா, அதை விட்டுடுங்க" என்றான். பிறகு மரத்தடியில் என்னிடம் மட்டும் சொன்னான். "அக்கா, ஏழுன்னு சொல்றாங்களே, பொய். மூணுக்குக் கீழ ரெண்டு இருக்கு, ஒண்ணு இருக்கு. பவளத்திட்டு முடியற எடத்துல நின்னா கேக்குது. யாரும் இதுவரைக்கும் பாடினதில்ல." அவன் முகத்தில் அப்படி ஒரு ஆனந்தம். எனக்கென்னவோ என்னுடைய மேல் ஒன்பது பத்திரமாக இருக்கிறதா என்பதுதான் கவலை. இருந்தது. கடைசிப் பத்தியில், எல்லாரும் நின்றபிறகு, எனக்காக.

ஜூனில் சபை மாநாடு. பதினாறு குழுக்கள். சனிக்கிழமை மதியம் நாம் பாடினோம். பாட்டு தொடங்கிய ஐந்தாவது நிமிடம் நடுவர்களில் ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கிழக்கு ஊர்க்காரி எழுந்து நின்று ஆடினாள், தூக்கம் வராதவள்போல. செமிசி இரண்டு கையையும் வீசிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, அழுதுகொண்டு நம்மை நடத்தினான். பிறகு எல்லாக் குரலையும் நிறுத்தினான். என்னைப் பார்த்தான். நான் ஏறினேன். ஒன்பதைத் தொட்டபோது பந்தலின் தகரக்கூரை அதிர்ந்தது. பத்து வருடம் கழித்து நான் மறுபடி இருந்தேன். முதல் பரிசு என்று அறிவித்ததுகூட என் காதில் சரியாக விழவில்லை.

ஞாயிறு மதியம் விருந்து முடிந்து நான் வீட்டில் இருந்தேன். செமிசி வந்து மரத்தடியில் நின்றான். அது மாத்திரை நேரம் இல்லை.

"அக்கா, மருந்து சரியாத்தான் இருக்கா?"

"ஏன் தம்பி?"

"ஆறு நாளாத் தூங்கல. தூக்கம் வேணும்னே தோணல. அந்த வருஷமும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. தலைக்குள்ள பாட்டு நிக்கமாட்டேங்குது. நல்லாத்தான் இருக்கு. ஆனாப் பயமா இருக்குக்கா." சட்டை நுனியைத் திருகிக்கொண்டே நின்றான். "எசெத்தாகிட்டப் போகட்டுமா? இல்ல, இன்னைக்கு ஒண்ணு சேத்துக் குடுக்கறீங்களா?"

நான் யோசித்தேன். அவசரப்பட்டு எதையும் செய்யவில்லை. முதல் பரிசு வாங்கிய குழு அடுத்த ஞாயிறு தலைநகரின் பெரிய தேவாலயத்தில் பாடவேண்டும். எசெத்தா பார்த்தால் அன்றே ஊசி போட்டுப் படுக்கவைத்துவிடுவாள். இன்னும் ஏழு நாள்தான். அது முடிந்த மறுநாள் காலையிலிருந்து நிஜ மாத்திரையைக் கொடுப்பது என்று முடிவு செய்தேன், ஒரு சீட்டில் பொட்டலம்கூடக் கட்டி வைத்தேன். அந்தப் பொட்டலம் இதோ இருக்கிறது.

"எசெத்தா எதுக்கு? ஞாயித்துக்கிழமை அவளத் தொந்தரவு பண்ணாத" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் இரண்டு எடுத்துவந்து கொடுத்தேன். இரண்டும் கால்சியம். இரண்டு கையும் சேர்த்து வாங்கினான். விழுங்கினான். அப்படியே அவன் தோள் இறங்கியதைப் பார்த்தேன், பயம் போய்விட்டது. "நீங்க இருக்கறதாலதான் நான் இருக்கேன்க்கா" என்றான். தம்பியின் முகத்தைக் கிட்டத்தில் பார்ப்பது நம் வழக்கத்தில் இல்லை, ஆனால் அன்று பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை தண்ணீர் வற்றும் நேரத்தில் அவன் பவளத்திட்டின்மேல் நடந்துபோனான். வெள்ளைச் சட்டை, கறுப்புத் துணி, நாம் மரியாதைக்கு இடுப்பில் சுற்றிக்கொள்ளும் பாய் என்று போட்டிக்குக் கட்டியதையே கட்டியிருந்தான். மனூ அங்கே சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் மூன்றிலிருந்து கீழே இறங்கிப் பாடிக்கொண்டே போனதாகவும், நடுநடுவே நின்று காதுகொடுத்துக் கேட்டதாகவும், கூப்பிட்டபோது திரும்பிக் கையசைத்துச் சிரித்ததாகவும் அவள் சொன்னது உங்கள் நோட்டில் இருக்கிறது. அவளால் ஓடமுடியாது. இடுப்புப்பாய் நனைந்தால் என்ன கனம் கனக்கும் என்று உங்களுக்குத் தெரியும், தூக்கிவந்தது நீங்கள்தானே. பத்து வருடத்துக்கு முன்பு மீன்பிடிக்கிறவர்கள் இருந்தார்கள். இந்த முறையும் யாராவது இருப்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

சவ அடக்கத்தில் வழக்கப்படி நான் தலைமாட்டில் உட்கார்ந்தேன். மரியாதையெல்லாம் எனக்கு வந்தது, நல்ல பாய்கள், துணிகள். பிசிலா நியூசிலாந்திலிருந்து வந்து துக்கக் கோலமாகக் கிழிந்த பாயைச் சுற்றிக்கொண்டு கால்மாட்டில் உட்கார்ந்து, "நான் போயிருக்கக்கூடாது" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். துக்கத்துக்குக் கலோலினெயின் கூந்தலை அத்தை நான்தான் வெட்டவேண்டும். வெட்டினேன். அது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

ஒரே ஒரு விஷயத்தில் எனக்கு மனத்தாங்கல். அடக்கத்தின்போது குழு என்ன பாடியது தெரியுமா. அந்தப் பழைய பாட்டை. மூன்று, ஐந்து, ஏழு, ஐந்து, மூன்று. மருந்து சாப்பிட்ட காலத்தில் அவன் கட்டியது. யாரும் சொல்லாமலே எடுத்தார்கள். ஊர் மொத்தத்துக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருந்தது, சிப்பி பொறுக்கும்போதும் பிள்ளையைத் தூங்கவைக்கும்போதும் அதைத்தான் முணுமுணுப்பார்களாம். எனக்குத் தெரியவே தெரியாது. மனூ அழுதுகொண்டே, "இதத்தான் நம்ம செமிசின்னு சொல்லணும்" என்றாள். அதில் யாருக்கும் தனி வரி கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை தலைநகரில் பாடவேண்டாம் என்று குழுவில் பாதிப்பேர் சொன்னார்கள். பாடவேண்டும் என்று நான் சொன்னேன். துக்கவீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. நீங்களும் வந்தீர்கள்.

இவ்வளவும் நான் இன்று வந்து சொல்வதற்குக் காரணம் பிசிலாவின் அழுகை இல்லை, எசெத்தாவின் அழுகையும் இல்லை. நேற்றுப் போதகர் பிரசங்கத்தில் பரிசு வாங்கிய பாட்டைக் கடவுளே நேராக இறக்கிக் கொடுத்தார் என்றார். தப்பான தகவல் பதிவாவது எனக்குப் பிடிக்காது. இந்தப் பிஸ்கட் டப்பாவில் இருப்பவை செமிசியின் நிஜ மாத்திரைகள், நான் கொடுக்காமல் வைத்தவை. எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். என் தம்பிக்கு மருந்து என்று சொல்லி வேறொன்றைக் கொடுத்தேன். அவன் பயந்துபோய் வந்து கேட்ட அன்றும் அதையே கொடுத்தேன். ஊருக்காகவும் அவனுக்காகவும்தான் செய்தேன், எனக்கென்று எதுவும் கேட்கவில்லை. எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

போவதற்கு முன்னால் ஒரே ஒரு சந்தேகம், சார்ஜன்ட். தலைநகரில் அந்தப் பெரிய தேவாலயத்தில் அன்று நீங்கள் கடைசி வரிசையில் நின்றீர்கள். நான் ஒன்பதைத் தொட்டபோது அங்கேவரைக்கும் கேட்டதா?